பேனலில் காய்ந்த வேட்டி

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தோளில் நான்கு பழைய வேட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு, நான் ஓர் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்காலில் தேய்மானம். சர்க்கரை வேறு. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட ஸ்டூலில் ஏறுவது என் மனைவி சாந்திதான் — நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன் எங்கள் தீவில், ஜங்லிகாட் ஃபுட்பால் கிரவுண்டில், காலரிக் கூரைக்குப் போகிற பதினெட்டுப் படி ஏணியில் ஏறினேன் என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

இருக்கிறது. சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இத்தனை வருடமாக ஊரில் யார் யாரையோ கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை. நீங்கள் திட்டுவதற்கு வசதியாக ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இங்கே என்ன எழுதினேன், நினைவிருக்கிறதா? நினைவிருக்கும். விழுந்து விழுந்து சிரித்தது நீங்கள்தானே.

அந்த வாரம் என்ன எழுதுவது என்று தெரியாமல் லேப்டாப்பில் மேய்ந்துகொண்டிருந்தேன். உலகத்து ஸ்டேடியங்களில் சோலார் பவர் என்று ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. தைவானில் ஒரு ஸ்டேடியம்... கூரை முழுக்க சோலார் பேனல். ஆம்ஸ்டர்டாமில் இன்னொன்று — கூரையில் பேனல், உள்ளே கரண்டைச் சேமிக்க எலெக்ட்ரிக் கார் பேட்டரிகள். சுவிட்சர்லாந்தில் ஒன்று. அவ்வளவு ஏன், நம்ம பெங்களூர் கிரிக்கெட் ஸ்டேடியத்துக் கூரையிலேயே பேனல் இருக்கிறதாம். ஆஹா என்று குறிப்பெடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாக்கிங் போனேன். எங்கள் கிரவுண்டிலும் சோலார் உண்டு. காலரிக் கூரையில் இருபத்து நான்கு பேனல், காலரிக்கு அடியில் பேட்டரி ரூம், மைதானத்தைச் சுற்றி நான்கு விளக்குக் கம்பம். நிமிர்ந்து பார்த்தேன். கீழ் வரிசைப் பேனல்கள் மேல் நான்கு வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன!

அட, இதைவிட ஒரு பத்திக்கு என்ன வேண்டும்? நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். காபிகூடக் குடிக்காமல் எழுதினேன். கடைசி வரி தானாக வந்து விழுந்தது: ‘உலகம் சூரியனை வைத்து மேட்ச் ஆடுகிறது, நாம் சூரியனை வைத்து வேட்டி காயப்போடுகிறோம்!’

அந்த வரி தீவு முழுக்கச் சுற்றியது. எல்லா வாட்ஸாப் குரூப்பிலும் அதுதான். தமிழ் தெரியாத பெங்காலி நண்பர்கூட யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து, “தாதா, கமால் கர் தியா!” என்று இந்தியில் பாராட்டிக் கை குலுக்கினார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

யார் வேட்டி அது? ஏன் அங்கே காய்கிறது? நான் கேட்கவில்லை. கேட்க முடியாத தூரமும் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் காலரிக்கு அடியில் ஓர் அறை. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. உள்ளே அடுப்புச் சத்தம்கூடக் கேட்டது. நட்சத்திரம் அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டி வந்தேன்.

அந்த அறையில் இருந்தவர் அருளப்பன். கிரவுண்டைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அதனால் எல்லோரையும் போல நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். அப்பா காலத்திலேயே இங்கே மீன்பிடிக்க வந்த குடும்பம். இவரும் டிங்கிப் படகில் போய்க்கொண்டிருந்தவர்தான். ஒரு நாள் வலை இழுக்கும்போது வலது தோள் மூட்டு விலகியது. அதற்கப்புறம் கடல் இல்லை. கிளப்பில் இந்த வேலை கொடுத்து, அறையும் கொடுத்தார்கள். அவரும் அவர் மனைவியும் அங்கேதான் இருந்தார்கள்.

மெயின்லேண்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிகாரமும் எங்கள் கடிகாரமும் ஒன்று. சூரியன் மட்டும் வேறு. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் அவர் கடையைக் கட்டிவிடுவார். பிள்ளைகள் பள்ளி விட்டு, பெரியவர்கள் ஆபீஸ் விட்டு வந்து பூட்ஸ் மாட்டுவதற்குள் இருட்டிவிடும். கரண்டோ பெரும்பாலும் கப்பலில் வருகிற டீசலில் ஓடுவது. எப்போது இருக்கும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. ஆக, அந்தக் கூரைதான் எங்களுக்கு ஆட்டம். பகல் முழுக்க வாங்கின வெயிலை பேட்டரியில் வைத்திருந்து, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கொடுக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை யார் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல்தான் எழுதினேன்.

பத்தி வெளியான மறுநாளே கிளப் செயலாளர் கதிரேசன் போன் செய்தார். கான்ட்ராக்டர். உற்சாகமான மனிதர். எதையும் உடனே செய்துவிட வேண்டும் அவருக்கு.

“சார்! சரியான அடி சார்! எங்க எல்லாருக்கும் உறைச்சிருச்சு. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு டோர்னமென்ட் ஃபைனல். நீங்கதான் சீஃப் கெஸ்ட். அதுக்குள்ள பேனலை ஏக்தம் சாஃப் பண்ணிடறோம். கண்ணாடி மாதிரி மின்னும், பாருங்க.”

கண்ணாடியைக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கப் போகிறார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்கிற எழுத்தாளர்களை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பார், நான் எழுதினேன்... நடந்துவிட்டது!

ஃபைனல் அன்று மூன்று மணிக்கே போய்விட்டேன். எங்கள் ஏரியா டீமும் சிப்பிகாட் டீமும். ஆட்டம் மூன்றரைக்கு. காலரிக்குப் பின்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தும்போது அருளப்பன் அண்ணன் வந்தார்.

“சார், ஒரு நிமிசம் நிப்பியளா?”

நின்றேன். சண்டைக்கு வருகிறாரோ?

“அந்த வேட்டி நான் கட்டுற வேட்டி இல்ல சார். தொடைக்கிற துணி” என்றார். சத்தமே இல்லை குரலில். “மழ நின்னுட்டுன்னா குழாயில மூணு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி. குடிக்கவே பத்தல, பேனலுக்கு எங்க போவேன்? ஆனா விடியக்காலம் பனி எறங்கும்லா... கண்ணாடி பூரா நனஞ்சு கெடக்கும். வெயில் வாறதுக்கு முந்தி ஏறி, அந்தப் பனியிலயே தொடச்சிருவேன். காக்கா எச்சம், கடக்காத்து உப்பு, ரோட்டுத் தூசி, எல்லாம் வந்துரும்.”

“தினமுமா?”

“தெனமும்தான். பழைய வேட்டிதான் மெத்துனு இருக்கும். பனியன் துணி நூல் விடும்.”

எனக்கு அப்போதும் வக்கீல் புத்தி போகவில்லை. “சரிண்ணே, அதை ஏன் மேலயே காயப்போடணும்? கீழ கொடி இல்லையா?”

“கீழ போட்டா மண்ணு அப்பும் சார். மண்ணு ஒட்டுன துணியால தொடச்சா கண்ணாடியில கீறல் விழுந்துரும். கெழக்க நிக்கிற அந்தக் கட்டடம் மறைக்கிறதால கூரைக்கு எட்டு மணி வரைக்கும் வெயில் வராது. அதுக்குள்ள காத்துலயே ஒணந்துரும். நான் எடுத்து மடிச்சு வச்சிருவேன்.”

ஆறரை மணிக்குப் பார்த்தவன் நான். எட்டு மணிக்குப் பார்த்திருந்தால் வேட்டியும் இருந்திருக்காது, பத்தியும் இருந்திருக்காது.

அவர் நிறுத்தவில்லை. “நீங்க எழுதின பொறவு என்ன மேல ஏறக்கூடாதுன்னுட்டாவ. இந்த வாரத்துல மூணு நாளு, படகு ஜெட்டியிலருந்து பம்பு வச்சுக் கடத்தண்ணிய அடிச்சுக் கழுவினாவ. நல்ல தண்ணிக்கு எங்க போறதுன்னு. நான் சொன்னேன், உப்பு காஞ்சு வெள்ளையாப் படியும்னு. நீ வேட்டி காயப்போடுற ஆளு, நீ பேசாதன்னாவ.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கையிலிருந்த துணியை நீட்டினார். ஏணியிலேயே நின்று, கைக்கு எட்டின பேனலைத் துடைத்து எடுத்ததாம். துணியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஏனோ தெரியவில்லை, நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

“நேத்தே பேட்டரி நெறையல சார், மீட்டரப் பாத்தேன். இன்னைக்கு லைட்டு பாதி நேரங்கூட நிக்காது. சொன்ன நேரத்துக்கு ஆட்டத்தத் தொடங்கிட்டா வெளிச்சத்துலயே முடிஞ்சிரும், லைட்டே வேண்டாம். நான் சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்க. லைட்டு நின்னுச்சுன்னா என் தலையிலதான் வைப்பாவ. வேல போச்சுன்னா ரூமும் போயிரும் சார்.”

நான் அவர் தோளைத் தட்டினேன். அந்த விலகின தோள். “நான் பேசறேன்ணே. கவலைப்படாதீங்க” என்றேன்.

நன்றாகக் கவனியுங்கள். இதுவரை நான் செய்தது தெரியாமல் செய்தது. இனிமேல் வருவது அப்படி அல்ல.

மேடைக்குப் போனேன். சால்வை, பூங்கொத்து, ஒரு தட்டில் முந்திரி. கதிரேசன் மைக்கைப் பிடித்து என்னை அறிமுகம் செய்தார். என் பத்தியை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்! கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கிரவுண்டே சிரித்தது. கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அருளப்பன் அண்ணன் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வாளியுடன் நின்றுகொண்டிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் என் கைக்கு வந்தது. மணி மூன்று முப்பத்தைந்து.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். ‘நான் எழுதியது தப்பு. பேச்சு வேண்டாம், ஆட்டத்தைத் தொடங்குங்கள்.’ இவ்வளவுதானே? நாக்கில் இன்னும் உப்பு இருந்தது.

நான் சொன்னது என்ன தெரியுமா?

“தைவான் நாட்டிலே ஒரு ஸ்டேடியம் இருக்கிறது...”

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. ஆயிரம் பேர் ஒரு வரிக்குக் கை தட்டி முடித்த அந்த நிமிடத்தில், அந்த வரி தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பேசிவிட்டு நடுவில் சொல்லலாம் என்று நினைத்தேன். நடுவில் ஆம்ஸ்டர்டாம் வந்தது. அதற்கும் கை தட்டினார்கள். முடிவில் சொல்லலாம் என்று நினைத்தேன். பெங்களூர் வந்து சேர்வதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. என்னைத் தொடர்ந்து மூன்று பேர் பேசினார்கள். சீஃப் கெஸ்ட்டே அவ்வளவு பேசும்போது அவர்கள் மட்டும் குறைப்பார்களா? பிறகு ஆட்டக்காரர்களுக்குக் கை கொடுத்தோம். போட்டோ. இன்னொரு போட்டோ. நான் பந்தை உதைத்துத் தொடங்கி வைத்தபோது மணி நாலரை.

சூரிய ஒளியைப் பற்றிப் பேசிப் பேசியே இருந்த சூரிய ஒளியைத் தீர்த்தவன், உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இடைவேளைக்குப் பிறகு இருட்ட ஆரம்பித்தது. ஐந்தரைக்கு விளக்குகளைப் போட்டார்கள். பளிச்சென்று எரிந்தன. கதிரேசன் என் பக்கம் சாய்ந்து, “பாத்தீங்களா சார்? கழுவினதும் எப்படி எரியுது!” என்றார். நான் தலையாட்டினேன். எரியட்டும், எரியட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அருளப்பன் அண்ணனுடைய சாமியையும் விடவில்லை.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் சூடு பிடித்திருந்தது. சிப்பிகாட் பையன் ஒருவன் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுவருகிறான்... காலரி எழுந்து நிற்கிறது...

நான்கு கம்பமும் ஒன்றாக அணைந்தன.

இன்னும் இருபது நிமிட ஆட்டம் பாக்கி. அரை மணி நேரம்கூட விளக்கு நிற்கவில்லை. பேட்டரி ரூமுக்கு ஓடினார்கள். இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்கள்; கண் சிமிட்டிவிட்டு மறுபடி போனது. ரெஃபரி கையை விரித்தார். ஃபைனல் பாதியில் நின்றது. கூட்டம் கத்த ஆரம்பித்தது.

கதிரேசன் எழுந்தார். மைக் இல்லாமலேயே அவர் குரல் ஜெட்டி வரை கேட்கும். “எங்களைத் திட்டாதீங்க! மெயின்டனென்ஸ் யாரு? வேட்டி காயப்போட்டவரைக் கேளுங்க!”

இருட்டில் ஒரு சிரிப்பு எழுந்தது. என் வரிக்கு வந்த சிரிப்பு அது. செல்போன் டார்ச்சுகளெல்லாம் கோல் போஸ்ட் பக்கம் திரும்பின. அருளப்பன் அண்ணன் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். அத்தனை வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது அவருக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார்.

அப்போதாவது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சால்வையை எவ்வளவு நேரம் மடிக்க முடியும்? அவ்வளவு நேரம் மடித்தேன்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் எல்லாம் சொன்னேன். பனி, வேட்டி, கடல் தண்ணீர், என் பேச்சு, சால்வை. அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அவரு உங்ககிட்ட எதுக்கு வந்தாரு? நீங்க சொன்னா கேப்பாங்கன்னுதானே?”

“ஆமா.”

“நீங்க சொல்லல.”

“சொல்லலாம்னுதான்...”

“இதையும் எழுதுவீங்களா? இல்ல, இது மட்டும் சுவாரசியமா வராதா?”

தோசை கருகியது. அவள் திருப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. புதன்கிழமை டீக்கடையில் எனக்குச் செய்தி வந்தது: அருளப்பனை எடுத்துவிட்டார்கள், சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். டீயை வைத்துவிட்டு நேராகக் கதிரேசன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். உப்பு என்றேன். பனி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். என்னை நம்பிக் கெட்டவர்.

“சார், நீங்க எழுதினதாலதான் நாங்க ஆக்‌ஷன் எடுத்தோம். இப்ப நீங்களே வந்து மாத்திச் சொன்னா நான் கமிட்டியில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது? எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க.”

நியாயம்தானே?

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிற கை. எவனாவது தும்மினால்கூட அதை வைத்து ஒரு பக்கம் எழுதுகிற கை. ‘கமிட்டித் தலைவர் அவர்களுக்கு’ என்பதற்கு மேல் ஓடவில்லை. தவறுதலாக என்று எழுதினேன், அடித்தேன். போதிய தகவல் இல்லாமையால் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ‘எனக்குக் கேட்கத் தோன்றவில்லை’ என்று எழுத இரண்டு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதத்தோடு கிரவுண்டுக்குப் போனேன். அறை வாசலில் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு சூட்கேஸ், ஒரு சாக்கு மூட்டை. மாதா படத்தைத் துணியில் சுற்றி மேலே வைத்திருந்தார்கள். வடக்கே மாயாபந்தரில் மச்சான் வீட்டுக்குப் போகிறார்களாம். மறுநாள் விடியற்காலை பஸ்.

அருளப்பன் அண்ணன் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. நின்றேன்.

“அண்ணே... தப்பு பண்ணிட்டேன்.”

“நீங்க பொய்யா எழுதல சார். பாத்தத எழுதினிய” என்றார். கயிறு கட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “பத்தடிதானே சார். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா?”

கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. மூட்டைக்கு மேல் மடித்து வைத்திருந்த நான்கு துண்டுகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். “மேல ஏற ஆளு வச்சாவன்னா இதக் குடுத்துருங்க. புதுத் துணி வேண்டாம், கஞ்சி போவாம கோடு விழும்.”

வேலை போய், வீடு போய், தோள் மூட்டும் சரியில்லாத மனிதர், கண்ணாடியில் கோடு விழக்கூடாது என்று கவலைப்படுகிறார். சரிண்ணே என்றேன்.

சனிக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். மேலே ஏற யாரையும் வைக்கவில்லை. எனவேதான் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை மணி, ஏணி.

ஏறி நின்று பார்த்தேன். அவர் சொன்னபடியே பேனல் எல்லாம் நனைந்து கிடந்தது. துடைத்தேன். வெள்ளை கலங்கிக் குழம்பியதே தவிரப் போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். முழங்கால் கெஞ்சியது. நாலு பேனல் முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மாயாபந்தருக்குப் போன் போட்டேன். அவர் முழித்துத்தான் இருந்தார். இத்தனை வருடப் பழக்கம், அந்த நேரத்தில் தூக்கம் எப்படி வரும்?

“ஒரு நாள்ல போவாது சார். பத்துப் பதினஞ்சு நாளு பனியில தொடைக்கணும். தையோட பனி கொறஞ்சிரும், பாத்துக்கிடுங்க” என்றார். பிறகு, “கீழ பாக்காம எறங்குங்க, தல சுத்தும்” என்றார்.

எட்டுப் பேனல் முடித்தேன். பாக்கி பதினாறு. கொண்டுபோயிருந்த பாட்டில் தண்ணீரில் துணியை அலசிப் பிழிந்தேன். எங்கே காயப்போடுவது? கீழே கொடி இருந்தது. மண்ணும் இருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. கீழ் வரிசைப் பேனல்கள் மேல் நான்கையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்தேன்.

கீழே யாரோ வாக்கிங் போகிறவர் நின்று நிமிர்ந்து பார்த்தார். செல்போனைத் தூக்கிப் பிடித்தார். கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பத்து மணிக்கு என் போனுக்கு அந்தப் படம் வந்தது. மூன்று குரூப்பிலிருந்து மூன்று முறை. கூரை, நான்கு வேட்டி, நடுவில் தொப்பையோடு நான். அடியில் என்ன எழுதியிருந்தது என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய வரிதான். ஓர் எழுத்து மாறாமல்.

கதிரேசன் கேட்டபடி கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். ஆனால் கடிதம் கமிட்டியின் மேஜை இழுப்பறைக்குள் போகும். என் கேலி அங்கே போகவில்லையே? தீவு முழுக்க அல்லவா போனது? அதனால் இங்கேயும் எழுத்தில் தருகிறேன்: பேனலில் வேட்டி காய்ந்ததால் விளக்கு அணையவில்லை. அந்த வேட்டியால்தான் இத்தனை நாள் எரிந்தது. அணைத்தது என் வரி. அருளப்பன் அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள். பனி நிற்பதற்குள் கூப்பிடுங்கள். அதுவரை நான் ஏறுகிறேன். எட்டு எட்டாகத்தான் முடியும்.

படம் எடுத்த நண்பரே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப் போலவே நீங்களும் பார்த்ததைத்தான் சொன்னீர்கள். அடுத்த முறை பத்தடி நடந்து, அந்த நட்சத்திரம் தொங்குகிற கதவைத் தட்டி, ஏன் என்று கேளுங்கள்...

இப்போது தட்டினால் திறக்க ஆள் இல்லை.